அறுநூற்றெண்பது லிட்டர் கடல்

நான் செய்த எந்தப் பொருளும் இதுவரை கசிந்ததில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் புனேயில், ஹடப்சரில் நான் வேலை பார்த்த வால்வு கம்பெனியில் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே டெஸ்டிங் பிரிவு இருபத்திரண்டு வருடம் என் கையில் இருந்தது. ஒவ்வொரு வால்வையும் தண்ணீர் அழுத்தத்தில் பிடித்து, காய்ந்த துணியால் துடைத்து, மறுபடி விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவோம். ஒரு பொட்டு ஈரம் விரலில் பட்டால் போதும், அந்த வால்வு வந்த வழியே திரும்பிப் போகும். யார் வந்து பேசினாலும் நான் மசிய மாட்டேன். கோயமுத்தூரில், வீட்டுக்கு வீடு லேத் ஓடிய தெருவில் பிறந்தவன். தண்ணீரை எப்படிப் பிடித்து வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே அதே ஊரில் கோந்த்வாவில், எங்கள் மூன்றாவது மாடி ஃப்ளாட்டின் ஹாலில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல் தொட்டி வைக்கலாம் என்று தீர்மானித்தபோது எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை. ஏற்கெனவே ஹால் மூலையில் இரண்டரை அடித் தொட்டி ஒன்று மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன், வெள்ளை மீசை இறால் ஒன்று, நாலைந்து நத்தை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பவளம். சாதாரண மீன் தொட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் உப்பில் மட்டும் இல்லை. இதில் பாறைகூட உயிருள்ளது. ஒரு ஓரத்தில் ஏதாவது செத்தால் மறு ஓரம் வரை எல்லாவற்றுக்கும் உடம்புக்கு ஆகாது.

ஆனால் பெரிய தொட்டி வைத்ததற்கு உண்மையான காரணம் என் மாமனார்.

அவர் உடுமலைப்பேட்டையில் ஒரு நூற்பாலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்த பிறகு தனியாக ஒரே அறையில் இருந்துகொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் "எனக்கென்னுங்க குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஸ்டவ்வில் கையைச் சுட்டுக்கொண்டு அதை யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் இருந்திருக்கிறார். என் மனைவிக்கு அவர் ஒரே அப்பா, அவருக்கு அவள் ஒரே பெண். அவரை எப்படியாவது புனேயில் எங்களோடு நிரந்தரமாக இருத்திவிட வேண்டும் என்று இரண்டு வருடமாகப் போராடினாள். வருவார், பத்து நாள் இருப்பார். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. காய்கறி விற்கிற பாஜிவாலா கதவைத் தட்டி ஏதாவது கேட்டால் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிடுவார். எங்கள் மகள் நாக்பூரில் ஹாஸ்டலில் இருந்தாள். மனைவி கேம்ப் பகுதியில் ஒரு வங்கியில், நான் ஹடப்சரில். பகல் முழுவதும் அவர் ஒற்றை ஆள். பதினோராவது நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தன் பெண்ணிடம் "அம்மிணி, டிக்கெட் போட்ரச் சொல்லு" என்பார்.

அந்த வருடம் மே மாதம் வந்தவர் பதினோராவது நாள் கேட்கவில்லை. இருபதாவது நாளும் கேட்கவில்லை. நான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே அன்றைய செய்தி வரும்.

"மாப்ள, இன்னைக்குப் பதினொண்ணேகாலுக்கு அந்த மீசை இறாலு சட்டையக் கழட்டிப் போட்டுருச்சுங்க. மொதல்ல செத்துப்போச்சாட்ட இருக்குதுன்னு பயந்துட்டேன். அப்பறம் பாத்தா பாறைக்குப் பின்னால புதுசா நிக்குது."

முப்பத்தைந்து வருடம் ஆட்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நேரம் போட்டுப் பார்த்த மனிதர். இப்போது இறால் வெளியே வருகிற நேரம், நத்தை கண்ணாடியில் ஏறுகிற நேரம், எந்த மீன் எதைத் துரத்துகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் மனைவி ஒரு நாள் சமையலறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அந்தத் தொட்டி இருக்கறதாலதானுங்க அப்பா இருக்கறாரு. நீங்க பாத்து எதாச்சும் பண்ணுங்க."

நான் பார்த்துப் பண்ணியதுதான் அறுநூற்றெண்பது லிட்டர். பாதி அவருக்காக, பாதி என் ஆசைக்காக. ஆனால் அவர் எங்களோடு தங்கிவிட வேண்டும் என்பதில் எனக்கும் குறையாத அக்கறை இருந்தது. அவருடைய பேச்சைக் கேட்பதற்காகவே நான் ஓவர்டைமைக் குறைத்துக்கொண்டேன்.

முதலில் எங்கள் கட்டிடத்தின் சொசைட்டி செக்ரட்டரி வந்தார். தண்ணீரும் பாறையும் மணலும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு டன் ஆகும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். தரை இடிந்து இரண்டாவது மாடிக்காரர் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நான் கட்டிடத்தின் வரைபடத்தை விரித்து, எந்த பீமின் மேல் தொட்டி உட்காரப் போகிறது என்று காட்டி, அவர் வீட்டில் புத்தாண்டு விருந்துக்கு முப்பது பேர் ஒரே ஹாலில் நின்று ஆடியதையும் நினைவுபடுத்தினேன். டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

இரும்புச் சட்டத்தை நானே அளவெடுத்து வெல்டிங் செய்து வாங்கினேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி. லிஃப்ட் இல்லாத கட்டிடம். ஆறு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கத்திய கத்தலில் எல்லா மாடிக்காரர்களும் கதவைத் திறந்து பார்த்தார்கள். என் குரல் அப்படி. கம்பெனியில் நாலு மெஷின் ஓடும்போது பேசிப் பேசி வந்த குரல், வீட்டுக்கு வந்தால் இறங்காது.

பிறகு என் தொழில் வழக்கப்படி சோதனை. வெறும் குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் பழைய மராத்திச் செய்தித்தாளை விரித்து, மூன்று நாள் அப்படியே விட்டேன். பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தாலும் மை ஊறிக் காட்டிக்கொடுத்துவிடும். மாமனார் மணிக்கொரு தரம் குனிந்து பார்த்து எனக்குக் கம்பெனிக்குப் போன் செய்தார். "காஞ்சுதானுங்க இருக்குது மாப்ள." மூன்றாவது நாள் மாலை இரண்டு பேரும் முழங்காலில் உட்கார்ந்து பேப்பர்களைத் தடவிப் பார்த்தோம். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவர் என் தோளில் தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் இரண்டாவது தடவை.

தொட்டிக்கு அடியில் அலமாரி மாதிரி மூடிய இடத்தில் இன்னொரு சிறிய தொட்டி உண்டு. மேலிருந்து வழிகிற தண்ணீர் அங்கே இறங்கி, சுத்தமாகி, பம்பு வழியாக மறுபடி மேலே போகும். மேலே போகிற குழாயில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு வேண்டும். கேம்ப்பில் கடல் மீன் விற்கிற கடைக்காரர், மும்பையில் விமானத்தில் வந்து இறங்குகிற பெட்டிகளை அங்கிருந்தே நேராக எடுத்து வருகிறவர், பிளாஸ்டிக் வால்வு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சாப், சப் லோக் யஹி லகாத்தே ஹை." எல்லோரும் இதைத்தான் போடுகிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்டிக் வால்வை என் வீட்டில் மாட்டியது தெரிந்தால் கம்பெனியில் என்னை கேட்டுக்குள் விட மாட்டார்கள் என்றேன். எங்கள் கம்பெனியின் பித்தளை வால்வு ஒன்று, என் கண் எதிரில் வார்த்து, கடைந்து, நானே அழுத்தம் கொடுத்துப் பார்த்தது, மேலே கண்ணாடிபோலக் குரோம் பூச்சு, விலை கொடுத்து வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு விரலால் திருப்பினால் வெண்ணெய் மாதிரித் திரும்பும். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தது.

ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் உப்புக் கரைத்தோம். கோந்த்வாவில் பாதி நாள் டேங்கர் தண்ணீர்தான் வரும், அதை நம்பிக் கடல் செய்ய முடியாது. ஆர்.ஓ. இயந்திரம் சொட்டுச் சொட்டாக வடிக்கிற தண்ணீரை ஒரு நீலக் கேனில் பிடித்துப் பிடித்து நிரப்ப இரண்டு வாரம் ஆயிற்று. மின்வெட்டுக்கு லாரி பேட்டரி இரண்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தண்ணீர் பக்குவப்பட இன்னும் ஆறு வாரம். என் மனைவி தினமும் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு "இதுக்குப் பதிலா ஒரு ஆட்டுக்கல்லைப் போட்டுருக்கலாமுங்க" என்பாள். மாமனாரோ அந்த வெறும் பாறையிலும் ஏதேதோ கண்டுபிடித்தார். நூல் மாதிரி ஒரு புழு, கடுகு மாதிரி ஒரு பூச்சி, எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பிட்டுத் தகவல் வந்தது.

பிள்ளையார் ஊர்வலங்கள் முடிந்த வாரம் பழைய தொட்டியின் குடும்பம் புதிய வீட்டுக்குக் குடிபோயிற்று. கூடவே மும்பையிலிருந்து இன்னும் மூன்று இறால், ஏழெட்டுத் துண்டு பவளம், ஒரு அனிமோன். அனிமோன் என்பது பார்க்கப் பூ, நிஜத்தில் பிராணி. நூற்றுக்கணக்கான விரல்கள் தண்ணீரில் அசைந்துகொண்டே இருக்கும். கோமாளி மீன் ஜோடி மூன்றாவது நாள் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மாமனார் அதைப் பூ என்றேதான் கூப்பிட்டார். ஹாலில் தன் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தன் பெண்ணிடம், ஊரில் இருக்கிற அறையைக் காலி செய்து சாமானை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று தானாகவே கேட்டார். அவள் சமையலறைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதை எழுதினால் உங்களுக்கு எரிச்சல் வரும்.

ஐப்பசியில் முதல் இறால் செத்தது. ஒன்று போனால் போகட்டும் என்று விட்டேன். நாலு நாளில் மீதி மூன்றும் போயின. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக மணலில் விழுந்து கிடந்தன. மாமனார் அவற்றை எடுத்து நிமிர்த்தி வைப்பார், அவை மறுபடி சாயும். பவளங்கள் மூடிக்கொண்டு திறக்க மறுத்தன. அனிமோன் சுருங்கிச் சுருங்கி ஒரு வியாழக்கிழமை காலையில் கூழாகிப் போயிருந்தது. மீன்கள் மட்டும் இருந்தன. கோமாளி ஜோடி அது இருந்த இடத்தில் வெறும் பாறைமேல் உரசிக்கொண்டிருந்தது. மாமனார் அன்று எனக்கு எந்த நேரமும் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனி இருக்கிற தொழிற்பேட்டையில் வியாழன்தான் வார விடுமுறை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கேம்ப்புக்கு ஓடினேன். கடைக்காரர் குழாயில் மருந்து சொட்டிக் குலுக்கினார். தண்ணீர் நிறம் மாறியது.

"தாம்பா ஹை சாப். தாம்பா, பீத்தல், குச் டாலா க்யா அந்தர்?"

செம்பு இருக்கிறது, செம்பு பித்தளை ஏதாவது உள்ளே போட்டீர்களா என்று கேட்டார். மீன் எப்படியாவது தாங்கிக்கொள்ளும், இறாலும் பவளமும் அனிமோனும் செம்பின் சாயலைக்கூடத் தாங்காது என்றார். அவர் இரண்டு உலோகத்தைச் சொன்னார். நான் ஒன்றைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் சமையலறையில் ஒரு செப்புக் குடம் இருந்தது. மாமனார் அதில் ஊற்றி வைத்த தண்ணீரைத்தான் குடிப்பார், உடம்புக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது என்பார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். தொட்டியில் எப்போதாவது தண்ணீர் ஊற்றினீர்களா?

"ஊத்துனேனுங்க. அந்த நீலக் கேன்ல தண்ணி தீந்துபோன நாள்ல. தொட்டில கொறைஞ்சு இருந்துச்சு. நாலஞ்சு தடவை ஒவ்வொரு சொம்பு."

"எதுல இருந்துங்க மாமா?"

"நம்ம கொடத்துல இருந்துதானுங்க. இருக்கறதுலயே நல்ல தண்ணி அதுதானுங்களே?"

அதற்குப் பிறகு நான் பேசியதை முழுவதும் எழுதப் போவதில்லை. "நீங்க ஊத்துன தண்ணிலதான் மாமா எல்லாம் செத்துப்போச்சு" என்றேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்றேன். கேட்டுவிட்டுச் செய்தால் வாய் தேய்ந்தா போய்விடும் என்றேன். மரியாதைக்கு வைக்க வேண்டிய 'ங்க' எதையும் விடாமல் வைத்துப் பேசினேன், அது இன்னும் மோசமாக இருந்தது. மெஷின் ஓடாத வீட்டில் மெஷின் ஓடுகிற குரல். மனைவி அரை நாள் விடுப்பில் அப்போதுதான் வாசலுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டே கேட்டார். ஒரு மாமனார் மருமகன் முன்னால் அப்படி நிற்கக் கூடாது.

"நல்ல தண்ணின்னு நெனச்சுத்தானுங்க ஊத்துனேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனார். பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், கார்த்திகைக்குள் போட்டாக வேண்டும் என்றார். காரணம் நிஜம்தான். ஆனால் கையெழுத்துப் போடப் போகிறவர் எல்லாத் துணிமணியையும் எடுத்துக்கொண்டு போக மாட்டார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செப்புக் குடத்தைத் துணி சுற்றிப் பரண்மேல் போட்டாள். அவளும் என்னை நம்பினாள். தன் அப்பாதான் செய்துவிட்டார், ஆனால் அதற்கு இவ்வளவு பேசியிருக்கக் கூடாது என்பதுதான் அவள் வருத்தம்.

நான் பாதித் தண்ணீரை மாற்றினேன். கரியைப் பையில் கட்டிப் போட்டேன். செம்பைச் சோதிக்கிற மருந்துப் பெட்டியை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். செம்பு இறங்கியது. நாலு நாள் கழித்து மறுபடி ஏறியிருந்தது. குடம் பரணில் இருக்கிறது, மாமனார் உடுமலையில் இருக்கிறார், செம்பு எங்கிருந்து வருகிறது?

அவர் போன பதினோராவது நாள், வியாழக்கிழமை. மனைவி வங்கிக்குப் போயிருந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வால்வின் கழுத்தருகே குரோம் பொரிப்பொரியாக எழும்பி உதிர்ந்திருந்தது. அதற்கு அடியில் பச்சை. விரலால் தடவினேன். பச்சை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கழற்றி வாஷ்பேசினில் வைத்து உள்ளே பார்த்தேன். உள்ளே பூச்சே கிடையாது. அது எனக்குத் தெரியாதா என்ன? வெளியே மட்டும்தான் குரோம் போடுவோம். மூன்று மாதத்துக்கு மேலாக அறுநூற்றெண்பது லிட்டர் உப்புத் தண்ணீரும் ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு தடவை அந்தப் பித்தளையை நக்கிக்கொண்டு போயிருக்கிறது. பித்தளையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறையச் செம்பு. கடல் தண்ணீர் பித்தளையைத் தின்னும் என்று கப்பலுக்கு வால்வு கேட்டவர்களுக்குக் கடிதம் எழுதிய ஆள் நான். வால்வு எத்தனை வருடம் தாங்கும் என்று யோசித்தேனே தவிர, அது கரைந்து எங்கே போகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்பது வேறு விஷயம்.

நாலைந்து சொம்புத் தண்ணீர் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அன்று மதியமே கேம்ப்புக்குப் போய் பிளாஸ்டிக் வால்வு வாங்கி வந்து மாட்டினேன். பித்தளை வால்வைச் செய்தித்தாளில் சுற்றி, ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு, மறுநாள் கம்பெனியில் உடைசல் தொட்டியில் வீசினேன். மனைவி மாலையில் வந்தாள். தொட்டியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சாப்பிட உட்காரும்போது வாய் வரை வரும். ஆனால் அத்தனை சத்தம் போட்டவன் வாயால் எப்படிச் சொல்வது? நாளைக்கு என்று தள்ளினேன். நாளை ஆனதும் இனிமேல் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று தோன்றியது. அப்படியே ஒவ்வொரு நாளும் அதை இன்னும் கனமாக்கியது. வெட்கமாக இருந்தது, அதை மறைக்கத் தொட்டி வேலையில் மும்முரமாக இருப்பதுபோல நடித்தேன். தொட்டி தேறிவிட்டது. பிழைத்த இரண்டு பவளங்கள் திறந்தன. புது இறால் ஒன்று வாங்கி விட்டேன், இருந்தது.

அதுதான் இன்னும் கொடுமையாகப் போயிற்று. மனைவி அப்பாவுக்குப் போன் செய்யும்போது, அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இப்பொ எல்லாம் நல்லாயிருச்சுங்கப்பா, தண்ணி சரியாயிருச்சு" என்றாள். அந்தப் பக்கம் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கையை எடுத்த பிறகு எல்லாம் நன்றாகிவிட்டது என்று.

மார்கழிக் குளிரில் ஒரு மாலை. போனை வைத்துவிட்டு அவள் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். மெஸ்காரர் பேசினாராம். அப்பா ராத்திரி தூங்குவதில்லை, விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம். அப்பாவிடம் ஏன் என்று கேட்டால், அந்தக் கோமாளி மீன் ரெண்டும் உயிரோடு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டாராம். "இனிமே இங்க வரவே மாட்டாருங்க" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனியில், கோயமுத்தூர் வார்ப்பட ஆலை ஒன்றைப் பார்க்க யாராவது போக வேண்டும் என்று இருந்தது. வழக்கமாக வேறொருவர் போவார். நான் போகிறேன் என்று எழுந்தேன். மனைவியிடம் ஆபீஸ் வேலை என்றேன். ஒன்றேகால் நாள் ரயில். கோயமுத்தூரில் வேலையை ஒரே பகலில் முடித்துவிட்டு மறுநாள் விடிந்ததும் உடுமலைக்குப் பஸ் ஏறினேன்.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்க மாப்ள, வாங்க. அம்மிணி நல்லா இருக்குதுங்களா? உக்காருங்க, காப்பி வாங்கியாறேன்."

காபி வேண்டாம் என்றேன். உட்காரவும் இல்லை.

"மாமா, அதெல்லாம் செத்தது உங்களால இல்லீங்க. நான் மாட்டுன பித்தளை வால்வுதானுங்க. அதுல இருந்துதான் செம்பு எறங்கியிருக்குது. நீங்க ஊத்துன தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. உங்களை அப்படிப் பேசுனது என்னோட தப்புங்க."

அவர் பேப்பரை நாலாக மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நீங்க ஊருக்கு வந்த பதினோராவது நாளுங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

பேப்பரை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்க சத்தம் போட்டதுக்காக நான் ஊருக்கு வர்லீங்க மாப்ள. சத்தம் போடற ஆளுன்னு தெரிஞ்சுதானே பொண்ணுக் குடுத்தேன்? அத்தனை உசுரைக் கொன்னுபோட்டு அதும் முன்னால எப்படி உக்காந்திருக்கறதுன்னுதான் வந்தேன்."

வாசலிலேயே நின்றேன். தெருவில் போகிறவர்கள் மாப்பிள்ளை வந்திருக்கிறாரா என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"நான் வர்றேனுங்க" என்றார் கடைசியில். "ஆனா இந்த ஒரு மாசத்தை என்ற புள்ளைகிட்ட நீங்களே சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்."

சரிங்க மாமா என்றேன். அவர் அறையைக் காலி செய்ய இரண்டு நாள் ஆயிற்று. நானே கட்டினேன், நானே இறக்கினேன். ஒரு வழி டிக்கெட்தான் எடுத்தோம், அதற்குப் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை. ரயிலில் வழி முழுவதும் மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷோலாப்பூர் தாண்டியதும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அம்மிணி வீட்டில் இருப்பாளா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, அதனால் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே முடியாது, ஏனென்றால் அடுத்த நிமிடம் அதை நானே கெடுத்தேன். ஷூவைக் கழற்றவில்லை. பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றே சொன்னேன், வால்வு, பச்சை, அந்த வியாழக்கிழமை, உடைசல் தொட்டி, எல்லாவற்றையும். ஒரு மாதம் எட்டு நாள் என்று கணக்கையும் சொன்னேன். முதல் தடவையாக என் குரல் தாழ்ந்து இருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் போனை வெச்சுட்டு அழுதப்ப நீங்க பக்கத்துலதானுங்களே உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.